ஆயக்காரருக்கு ஒரு யூரோ

ரோம் நகரத்துக் கோயில்கள் பலவற்றில் நுழைய டிக்கெட் கிடையாது. சாமி இலவசம். நிழல் இலவசம். கல் பாவிய தெருக்களில் கால் கடுக்க அலைந்து வருகிறவனுக்கு உட்கார பெஞ்சும் இலவசம். வெளிச்சத்துக்கு மட்டும்தான் காசு.

பெரிய ஓவியர் வரைந்த படம் இருக்கும் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். அதன் வாயில் யூரோ நாணயத்தைப் போட வேண்டும். காசு உருண்டு விழுகிற சத்தம் கேட்கும், விளக்கு எரியும், நானூறு வருஷத்து ஓவியம் இருட்டிலிருந்து எழுந்து முன்னால் வந்து நிற்கும். சில நிமிஷம்தான். அப்புறம் ‘டக்’. நம்மூர்ப் பெட்டிக்கடை வாசலில் தொங்கிய ஒரு ரூபாய் போன் மாதிரி, பேச்சு முக்கியமான இடத்துக்கு வரும்போது பார்த்துக் கட்டாகும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவருக்கு மனித சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. முழுக்க இருட்டாக வைத்தால் எவனும் நிற்க மாட்டான். முழுக்க வெளிச்சமாக வைத்தால் நிற்பான், பார்க்க மாட்டான். செல்போனைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த கோயிலுக்குப் போய்விடுவான். காசு கொடுத்தவன் மட்டும் காசு தீருகிறவரை கண்ணை எடுப்பதில்லை.

என்னோடு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மனைவி. பயணத்தின் நிதியமைச்சர் அவள்தான். சில்லறைப் பர்ஸ் அவள் கையில். இன்னொருவர் அவளுடைய அண்ணன், எனக்கு மச்சான். வணிகவரித் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, செக்போஸ்ட் கொசுக்கடியிலும் கடைகளின் பேரேட்டுத் தூசியிலும் படிப்படியாக மேலேறி, உதவி ஆணையராக ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் அவர் உற்றுப் பார்த்த படம் என்று ஒன்று உண்டென்றால், அது பில் புத்தகத்தின் தலைப்பில் அச்சடித்த பிள்ளையார் படம்தான். அதையும் அதற்குக் கீழே வரிசை எண் இருக்கிறதா என்று பார்க்கும்போது பார்த்ததுதான்.

மச்சான் ரோமுக்கு வந்ததே மாதாவுக்காக. அவர் தூத்துக்குடிக்காரர். வெயிலைத் தவிர வேறொன்றும் அறியாத அந்த ஊரில் பனிமய மாதாவுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு விடை ரோமில் இருக்கிறது. நாலாம் நூற்றாண்டில் ஒரு ஆகஸ்ட் 5-ஆம் தேதி, கொளுத்துகிற கோடையில், எஸ்குவிலின் குன்றின் மேல் பனி பெய்து, தனக்குக் கோயில் எழும்ப வேண்டிய இடத்தை மாதா காட்டிக் கொடுத்தாள் என்பது ஐதீகம். அங்கே நிற்பதுதான் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயம். இன்றைக்கும் வருஷா வருஷம் அந்தத் தேதியில் முகட்டிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைக் கொட்டிப் பனியைக் கொண்டாடுகிறார்கள். அதே தேதியில்தான் தூத்துக்குடியிலும் திருநாள். மச்சான் அங்கே முழந்தாளிட்டார், ஐந்தாம் நூற்றாண்டு மொசைக் சித்திரங்களை அண்ணாந்து பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் தீர்ப்புச் சொன்னார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. தங்கத்தேரு இல்லையே.”

தாய்வீட்டை விடப் புகுந்த வீட்டில் மாதாவுக்கு வசதி அதிகம் என்ற திருப்தியுடன் அவர் ஹோட்டல் அறைக்குத் திரும்பத் தயாரானபோதுதான் நான் சொன்னேன்.

“மச்சான், உங்க டிபார்ட்மெண்ட் ஆள் படம் ஒன்னு இருக்கு.”

“எந்த ஆளு?”

“மத்தேயு. ஆயக்காரர். வரி வசூல் பண்ணிக்கிட்டிருந்தப்ப ஆண்டவர் வந்து கூப்பிட்ட படம்.”

அதற்கப்புறம் அவரை இழுத்துப் போக வேண்டியிருக்கவில்லை. நாங்கள்தான் பின்னால் ஓடினோம்.

ஓடியும் பயனில்லை. ரோம் கோயில்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் உண்டு. உள்ளே இருப்பது உலக அதிசயமே ஆனாலும், நண்பகல் கழிந்ததும் கோயிற்காரர் கதவை இழுத்துச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். நாங்களும் சாப்பிட்டோம். பில் வந்ததும் மச்சான் கண்ணாடியை மாட்டினார். கேட்காமல் கொண்டுவந்து வைத்த ரொட்டிக்குத் தனியாக விலை போட்டிருந்தது. “இது எந்த செக்‌ஷன்ல வருது?” என்று அவர் தமிழில் கேட்க, பரிசாரகர் இத்தாலிய மொழியில் நெடுநேரம் விளக்க, இரண்டு பேரும் முழுத் திருப்தியுடன் பிரிந்தார்கள்.

தெருவில் சாம்பல் நிற வண்டி ஒன்று போயிற்று. பக்கவாட்டில் மஞ்சள் பட்டை. ‘குவார்தியா தி ஃபினான்சா’ என்று எழுதியிருந்தது. நிதி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் படை அது. வரி ஏய்ப்பு, கடத்தல், கள்ளக்கணக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ராணுவ ஒழுங்கு, சீருடை, துப்பாக்கி, கடலில் ரோந்துப் படகு, வானத்தில் ஹெலிகாப்டர் எல்லாம் உண்டு. அந்தப் படைக்குப் பாதுகாவலர் யாரென்றால் நம் மத்தேயுதான். செப்டம்பர் 21-ஆம் தேதி அவர் திருநாளைக் கொண்டாடுகிறார்கள். இதையெல்லாம் சொன்னதும் மச்சான் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

“ஹெலிகாப்டரா?”

“ஆமா மச்சான்.”

“எங்களுக்கு ஜீப்புக்கு டீசல் போட பில்லு பாஸாக மூணு மாசம் ஆவும்” என்றார். வண்டி மறைந்த திசையை அவர் பார்த்த பார்வையில் பத்துக் கட்டளைகளில் கடைசி ஒன்று மீறப்பட்டது.

கோயிலின் பெயர் சான் லுயிஜி தேய் ஃபிரான்செசி. ரோமில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்களுக்கான கோயில், 1589-இல் கட்டி முடித்தது, பிரான்ஸ் அரசராக இருந்து புனிதரான ஒன்பதாம் லூயி பெயரில். மத்தேயு கொந்தரெல்லி என்றொரு பிரெஞ்சு கர்தினால் இதற்குள் ஒரு சிற்றாலயத்தை வாங்கினார். தன் பெயர்ப் புனிதரின் வரலாற்றை அதில் வரைய வேண்டும் என்று பணமும் ஒதுக்கினார். 1585-இல் இறந்தும் போனார். பணம் இருந்தது, படம் வரவில்லை. பொறுப்பேற்றவர்கள் இழுத்தடித்தார்கள். முகட்டை வரைந்தவருக்குச் சுவரை வரைய நேரம் கிடைக்கவில்லை. 1599-இல்தான், பக்கத்து மாளிகையில் ஒரு கர்தினாலின் ஆதரவில் ஒண்டியிருந்த, முப்பது வயது நிரம்பாத ஓர் ஓவியரிடம் இரண்டு பக்கச் சுவர்களுக்கு 400 ஸ்கூதி பேசி வேலையைக் கொடுத்தார்கள். அவர்தான் கரவாஜ்ஜோ. அந்தப் பக்கத்து மாளிகையில் இப்போது இத்தாலியச் செனட் சபை நடக்கிறது.

மச்சானுக்கு இதில் ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. “சாங்ஷன் ஆன ஃபண்டு பதினாலு வருஷம் செலவாகாம கெடந்திருக்கு. ஆடிட்ல யாரும் கேக்கலையா?”

உள்ளே போனோம். இடது வரிசையில் கடைசிச் சிற்றாலயம். அதன் முன்னால் இருட்டில் ஒரு கூட்டம். முதுகுப்பை மாட்டிய ஒரு வெள்ளைக்காரப் பையன், வழிகாட்டிப் புத்தகத்தை மூக்குக்கு நேராகப் பிடித்த ஒரு பெரியவர், கைகோத்த ஒரு ஜோடி, இன்னும் பலர். எல்லாரும் அசையாமல் நின்றார்கள். பக்தியில் நிற்கிறார்கள் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். உற்றுப் பார்த்தால் எல்லாருடைய கடைக்கண்ணும் பெட்டியின் மேல். யாராவது ஒருவர் காசு போடட்டும் என்று மற்ற எல்லாரும் காத்திருக்கிறார்கள். பல நாடுகள் கலந்துகொண்ட பொறுமைப் போட்டி அது. மச்சானும் போய் அதில் கலந்துகொண்டார். கையைக் கட்டிக்கொண்டார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பர்ஸை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கு அவள் நியாயம். ரோமில் ஒரு யூரோவுக்குப் போட்டி அதிகம். கழிப்பறை கேட்கும், மெழுகுவர்த்தி கேட்கும், இப்போது கலையும் கேட்கிறது. மெழுகுவர்த்தி விஷயத்தில் அவளுக்கு ஏற்கெனவே கோபம். பல கோயில்களில் காசு போட்டால் எரிவது மின்சார மெழுகுவர்த்தி. “உருகாத மெழுகுக்கு வேண்டுதல் எப்படிங்க மேல போகும்?” என்று காலையில்தான் கேட்டிருந்தாள்.

கடைசியில் காசு போட்டது, மச்சானின் முழங்கை உயரம்கூட இல்லாத ஒரு ஜப்பானியப் பாட்டி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், போட்டார், வெளிச்சம் வந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் கழுத்தை நீட்டினோம்.

இடது சுவரில் இருப்பதுதான் மத்தேயுவை அழைக்கும் படம். இருட்டான ஒரு அறை. மேஜையைச் சுற்றி ஐந்து பேர். 1600-ஆம் வருஷத்து ரோம் இளைஞர்கள் போட்டுத் திரிந்த உடுப்பு, இறகு வைத்த தொப்பி, இடுப்பில் வாள். மேஜை மேல் நாணயங்கள், மைக்கூடு, கணக்குப் புத்தகம். இடது ஓரத்தில் ஒரு இளைஞன் தலை குனிந்து காசு எண்ணுகிறான். அவன் தோளுக்கு மேலாகக் கண்ணாடியைப் பிடித்தபடி ஒரு கிழவர் எட்டிப் பார்க்கிறார். நடுவில் தாடிக்காரர் ஒருவர் கையை நீட்டி எதையோ சுட்டுகிறார். வலது ஓரத்தில் இயேசுவும் பேதுருவும், வெறுங்காலோடு, ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தைய உடுப்பில். இயேசு பாதிக்கு மேல் இருட்டில். ஒரு முகம், ஒரு கை, அவ்வளவுதான். ஆதாமைப் படைக்கும் படத்தில் மைக்கேலாஞ்சலோ ஆதாமுக்குக் கொடுத்த அதே தளர்ந்த கை. அறையில் ஜன்னல் ஒன்று இருக்கிறது, ஆனால் அதிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. வெளிச்சம் இயேசுவின் தலைக்கு மேலே எங்கிருந்தோ சாய்ந்து விழுந்து, மேஜைக்காரர்கள் முகத்தில் அறைகிறது.

நான் இதையெல்லாம் அனுபவித்துக்கொண்டிருக்கும்போது மச்சான் ஆய்வைத் தொடங்கிவிட்டார்.

“மாப்ள, இது கரெக்டான ஆபீஸ்.”

“எதை வச்சுச் சொல்லுதிய?”

“வெளிய இருந்து பெரிய ஆளு வந்து நிக்காரு. அந்தக் காசு எண்ணுத பய நிமிந்து பாக்கானா பாருங்க. பாக்க மாட்டான். பாத்தா எண்ணிக்கை விட்டுப்போவும். கண்ணாடிக்காரரு ஆடிட்டு; அவருக்கு ஆண்டவரே வந்தாலும் டாலி ஆனாப் போதும். வாள் வச்சிருக்கவன் கூட வந்த போலீஸு. அந்தச் சின்னப் பயல எதுக்கு உக்கார வச்சிருக்காங்க? டீ வாங்க.”

அழைக்கப்பட்ட மத்தேயு யார் என்பதில் கலை வரலாற்று அறிஞர்களுக்குள் பெரிய தகராறு உண்டு. காலங்காலமாகத் தாடிக்காரர்தான் மத்தேயு என்று சொல்லி வந்தார்கள். ‘என்னையா?’ என்று தன் நெஞ்சைத் தானே சுட்டுகிறார் என்பது அவர்கள் கட்சி. போன நூற்றாண்டின் கடைசியில் சிலர் கிளம்பி, அந்த விரலை நன்றாகப் பாருங்கள், அது ‘இவனையா?’ என்று பக்கத்தில் காசு எண்ணுகிற இளைஞனைக் காட்டுகிறது, தலை குனிந்திருக்கும் அவன்தான் மத்தேயு, அடுத்த விநாடி நிமிரப் போகிறான் என்றார்கள். இரண்டு கட்சியும் இன்னும் சமாதானமாகவில்லை. நான் இதை மச்சானிடம் கிசுகிசுத்தேன்.

அவர் யோசிக்கக்கூட இல்லை. “தாடிக்காரர்தான் ஆபீசரு. விரலு பக்கத்துல உள்ள பயலைத்தான் காட்டுது. ரெண்டும் சரி.”

“அது எப்படி மச்சான்?”

“மேலிடத்துல இருந்து ஆள் வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, பொறுப்புல இருக்கவன் மொதல்ல பக்கத்து சீட்டுக்காரனைத்தான் காட்டுவான். ‘இவரா சார்?’ம்பான். நானே எத்தனை தடவை—”

டக். இருட்டு. அந்த வாக்கியத்தின் மிச்சத்தை அவர் இன்றுவரை சொல்லவில்லை.

அறிஞர்களின் தகராறை ஒரே வீச்சில் தீர்த்துவைக்கிற இந்த மூன்றாம் கொள்கையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கலை வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு வருஷமாவது ஏதேனும் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும்.

இருட்டில் மறுபடியும் பொறுமைப் போட்டி தொடங்கியது. ஜப்பானியப் பாட்டி கடமை முடிந்து போய்விட்டார். ஆயக்காரரின் படத்துக்கு முன்னால், காசு எண்ணுகிறவர்களைப் பார்ப்பதற்காக, காசைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இருபது பேர் நிற்கிறோம். இதில் ஒருவர் ஓய்வு பெற்ற வரி அதிகாரி. கர்தினால் கொந்தரெல்லி இந்தக் காட்சிக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கியிருக்கலாம்.

கடைசியில் மச்சான் தங்கையிடம் கையை நீட்டினார். “ஒரு காசு கொடு தாயி. நம்ம டிபார்ட்மெண்டுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்ய?” அவள் கொடுத்தாள். கழிப்பறைக்கு ஒதுக்கிய காசு அது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தாள்.

இந்த முறை நடுவில் பீடத்துக்கு மேல் இருக்கும் படத்துக்குப் போனோம். மத்தேயு நற்செய்தி எழுதுகிறார். மேலேயிருந்து ஒரு வானதூதர் தொங்கியபடி சொல்லித் தருகிறார். இது கரவாஜ்ஜோ கொடுத்த இரண்டாவது படம். முதல் படத்தில் மத்தேயு எழுத்து வாசனை இல்லாத குடியானவர் மாதிரி, முட்டி தெரிய, காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வானதூதர் அவர் கையைப் பிடித்து எழுத வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கால் வேறு, பூசை வைக்கிற சாமியாரின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது. புனிதருக்கு இது அழகில்லை என்று திருப்பி விட்டார்கள். ஜுஸ்தினியானி என்ற ரசிகர் அதை வாங்கிக்கொண்டார், பின்னாளில் அது பெர்லினுக்குப் போனது, 1945-இல் போர் முடிகிற சமயத்துத் தீயில் போயிற்று. இப்போது மிஞ்சியிருப்பது கறுப்பு வெள்ளைப் போட்டோ மட்டும். 1602-இல் கரவாஜ்ஜோ திருத்திக் கொடுத்ததைத்தான் நாங்கள் பார்த்தோம்.

“ஃபைலைத் திருப்பி அனுப்பி, குறிப்பு எழுதி, மறுபடி வாங்கியிருக்காங்க” என்றார் மச்சான், முழு மரியாதையுடன். பிறகு வானதூதரின் கையைக் கவனித்தார். ஒரு கையின் விரல்களை மறு கையால் மடக்கிக் காட்டுகிறார் தூதர். மத்தேயுவின் நற்செய்தி தலைமுறைக் கணக்கோடுதான் தொடங்குகிறது: ஆபிரகாம் முதல் தாவீது வரை பதினான்கு, அங்கிருந்து பாபிலோன் சிறைவாசம் வரை பதினான்கு, அங்கிருந்து கிறிஸ்து வரை பதினான்கு. நான்கு நற்செய்தியாளர்களில் இப்படிக் கூட்டுத்தொகை போட்டுக் காட்டுகிறவர் இவர் ஒருவர்தான்.

“வேலைய விட்டாலும் பழக்கம் விடல பாருங்க” என்றார். அவரும் அப்படித்தான், மளிகைக் கடைத் துண்டுச்சீட்டைக்கூடக் கூட்டிப் பார்க்காமல் கசக்க மாட்டார். மத்தேயு ஒரு முழங்காலை ஊன்றியிருக்கும் ஸ்டூலின் ஒரு கால் மேடை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நிற்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். “கவர்மெண்ட் ஸ்டூலு.”

வலது சுவரில் இருப்பது மத்தேயுவின் வேதசாட்சி மரணம். அங்கே படத்தின் நடுவில் முழு வெளிச்சத்தில் அரை நிர்வாணமாக நிற்கிற வாட்டசாட்டமான ஆளைத்தான் மனைவி புனிதர் என்று நினைத்துச் சிலுவை போட்டாள், அவன் கொலைகாரன். புனிதர் கீழே விழுந்து கிடக்கிறார். பின்னால் தூரத்தில் தாடி வைத்த ஒரு முகம் திரும்பிப் பார்க்கிறது, முகத்தில் சங்கடம். அது கரவாஜ்ஜோ தன்னையே வரைந்துகொண்டது. சம்பவ இடத்தில் தான் இருந்ததாகத் தானே சாட்சி சொல்லிக்கொண்ட இந்தப் பழக்கம் அவருக்குப் பிற்பாடு நல்லதாக அமையவில்லை.

ஏனென்றால் அந்த மனிதரைப் பற்றி இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதி ரோம் போலீஸும் நீதிமன்றமும் எழுதி வைத்த ஏடுகளில் இருந்து வந்தது. அனுமதியில்லாமல் வாளோடு திரிந்து பிடிபட்டார். 1603-இல் பலியோனே என்ற சக ஓவியர், தன்னைக் கேலி செய்து பாட்டுக் கட்டினார் என்று அவர் மேல் அவதூறு வழக்குப் போட்டார். அந்த பலியோனே பின்னால் கரவாஜ்ஜோவின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார், எவ்வளவு அன்போடு எழுதியிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம். 1605-இல் வாடகை பாக்கிக்காக வெளியேற்றிய வீட்டுக்காரம்மாவின் ஜன்னலில் கல்லெறிந்ததாகப் புகார். 1606 மே மாதம் நடந்த சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஊரை விட்டே ஓடினார். நேப்பிள்ஸ், மால்ட்டா, சிசிலி என்று ஓடிய இடமெல்லாம் கோயில்களுக்குப் படம் வரைந்து கொடுத்து, மன்னிப்புக் கிடைக்கும் என்று நம்பி ரோமை நோக்கித் திரும்புகிற வழியில் 1610-இல் இறந்தார். வயது 38.

“சாமி படம் வரையுத ஆளா இது?” என்றாள் மனைவி. எதிர்ப்பக்கச் சிற்றாலயத்தில் தொமெனிக்கீனோ என்ற ஒழுக்கமான ஓவியர் புனித செசிலியாவின் வரலாற்றைச் சுவர் முழுக்க அழகாக வரைந்து வைத்திருக்கிறார். அங்கே ஈ காக்கை இல்லை. மனைவி மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். செசிலியா மாடியிலிருந்து ஏழைகளுக்குத் துணி தானம் கொடுக்கிறாள், கீழே ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் பிடுங்குகிறார்கள். “பொங்கலுக்கு வேட்டி சேலை கொடுத்த அன்னைக்கு நம்ம ரேஷன் கடை வாசலை இவரு எப்பம் பாத்தாரு?” என்று கேட்டாள். நல்ல ஓவியர், பாவம், எதிர்வீட்டு ரவுடியால் தொழில் கெட்டது.

அங்கிருந்து சாந்த் அகோஸ்தீனோ கோயில் கூப்பிடு தூரம். இங்கே கால்தான் விசேஷம். வாசலுக்குப் பக்கத்தில் சான்சொவீனோ செதுக்கிய மாதா சுரூபம். பிள்ளைப்பேறு நல்லபடி நடக்க வேண்டிக்கொள்கிற பெண்கள் முத்தமிட்டு முத்தமிட்டுத் தேய்ந்த பாதத்துக்கு வெள்ளிக் கவசம் போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் பிறந்த குழந்தைகளுக்காகக் கட்டிய நீலமும் ரோஜா நிறமுமான ரிப்பன்கள். இடது பக்கம் முதல் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜோவின் லொரேத்தோ மாதா. மாதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசற்படியில் நிற்கிறாள். முன்னால் முழந்தாளிட்டிருக்கும் இரண்டு வயசாளிப் பயணிகளின் முதுகு நமக்கு. கிழவரின் வெறும் உள்ளங்கால்கள், அழுக்கேறி, வெடித்து, நம் முகத்துக்கு நேரே. படம் திறந்தபோது சாதாரண ஜனங்கள் பெரிய கூச்சல் போட்டார்கள் என்று அதே பலியோனே முகம் சுளித்து எழுதி வைத்திருக்கிறார்.

மச்சான் இங்கே ஒன்றும் சொல்லவில்லை. மாதாவைவிட அந்தக் காலைத்தான் அதிக நேரம் பார்த்தார். அவர் அம்மா, என் மாமியார், வேளாங்கண்ணிக்கு நடந்து போய் வந்தவர். வந்து காலை வெந்நீரில் ஊறவைத்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். விளக்கு அணைந்தபோது அவர் தங்கையைக் கேட்காமல் தன் பாக்கெட்டிலிருந்தே இன்னொரு காசு எடுத்துப் போட்டார். அவரிடம் சில்லறை இருந்தது அப்போதுதான் வெளியே தெரிந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் மாதாவைப் பார்த்தேன்.

சாந்தா மரியா தெல் போப்பொலோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அங்கே போய்ச் சேரும்போது எங்கள் கால்களும் கரவாஜ்ஜோ வரையத் தகுந்த நிலைக்கு வந்துவிட்டன. பாப்பரசரின் பொருளாளராக இருந்த செராசி என்பவர் வாங்கிய சிற்றாலயம். (“பொருளாளரா?” என்று மச்சான் மறுபடி உயிர்பெற்றார்.) நடுவில் அன்னிபாலே கராச்சி வரைந்த மாதா விண்ணேற்பு, பளிச்சென்ற நிறத்தில். இரண்டு பக்கமும் கரவாஜ்ஜோ. வலது பக்கம் பவுல் மனம் திரும்பும் படம் என்று பெயர். படத்தில் முக்கால்வாசி குதிரை. குதிரையின் பின்புறம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. பவுல் அதன் காலடியில் மல்லாந்து கிடக்கிறார். குதிரைக்காரன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, எஜமானுக்கு என்ன ஆனது என்பதைவிடக் குதிரை அவரை மிதித்துவிடக் கூடாதே என்ற கவலையில் இருக்கிறான். வானத்திலிருந்து பேசிய ஆண்டவர் படத்தில் இல்லை. வெளிச்சம் மட்டும் இருக்கிறது.

எங்களுக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தவன் சான் லுயிஜியில் பார்த்த அதே முதுகுப்பைப் பையன். இருட்டில், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு.

“மாப்ள, இவன் அங்கயும் நம்ம காசுலதான் பாத்தான்.”

“விடுங்க மச்சான், சின்னப் பையன்.”

“சின்னதுலயே பிடிச்சாத்தான் உண்டு.”

மச்சான் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார். கோவில்பட்டியிலும் விருதுநகரிலும் எத்தனையோ மொத்த வியாபாரிகளை இரண்டாம் நம்பர் நோட்டைத் தாங்களாகவே எடுத்து மேஜை மேல் வைக்கச் செய்த பார்வை அது. அதற்கு மொழி தேவையில்லை. பையன் நெளிந்தான், பையைக் கழற்றினான், அடியில் துழாவினான், ஒரு நாணயத்தை எடுத்துப் போட்டான். குதிரை வெளிச்சத்துக்கு வந்தது. “தேங்க்யூ” என்றார் மச்சான், ரசீது கொடுக்கிற தோரணையில்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் ஆர்ட்டிசோக் இருந்தது. முள்செடி ஒன்றின் மொட்டு அது. ரோமில் வசந்த காலத்தில் அதைச் சாப்பிடாதவன் ஊருக்கே வந்ததாகக் கணக்கில்லை. கரவாஜ்ஜோவின் போலீஸ் ஏட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த பதிவும் இதைப் பற்றியதுதான். 1604 ஏப்ரலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவருக்கு எட்டு ஆர்ட்டிசோக் கொண்டுவந்து வைத்தார்கள். நாலு வெண்ணெயில் செய்தது, நாலு எண்ணெயில். எது எதில் செய்தது என்று கேட்டார். மோந்து பார்த்தால் தெரிகிறது என்றான் பரிமாறியவன். தட்டோடு தூக்கி அவன் முகத்தில் எறிந்துவிட்டார் கரவாஜ்ஜோ. அவன் நேரே போய்ப் புகார் எழுதி வைத்தான்.

கதையை நான் சொல்லி முடிக்கவும் தட்டு வரவும் சரியாக இருந்தது. மச்சான் பரிசாரகரை நிறுத்தினார்.

“மாப்ள, இது எண்ணெயா வெண்ணெயான்னு கேளுங்க.”

கேட்டேன். பரிசாரகருக்கு என் ஆங்கிலம் புரியவில்லை. தோளைக் குலுக்கினார், தட்டைக் காட்டினார், தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். மச்சான் மெதுவாகத் தட்டை இரண்டு கையாலும் எடுத்தார்.

“அண்ணே,” என்றாள் என் மனைவி, “மொதல்ல அதக் கீழ வைங்க.”